ஒரு பெயரும் நானூறு கடிதங்களும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு உறுப்பினர்களை அழைக்கும் கடிதங்களைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. மொத்தம் 412 குடும்பங்கள். வழக்கமான முறையிலேயே செய்தேன். முந்தைய ஆண்டின் கடிதத்தைக் கணிப்பொறியில் திறப்பது, பெயரையும் ஊரையும் அழித்துவிட்டு அடுத்த பெயரையும் ஊரையும் எழுதுவது, அச்சடிப்பது, மறுபடியும் அழிப்பது. பத்து இரவுகள் இதற்கே போயின. முடித்தபோது பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியும் இருந்தது.

கடிதங்கள் போய்ச் சேர்ந்த பின் ரங்கத்திலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் வயதான ஓர் அம்மா. குரலில் கோபம் இல்லை. "தம்பி, அவர் பேருக்குக் கடுதாசி வந்திருக்கு. அவர் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. சங்கத்துல இருந்து மாலை போட வந்தீங்களே, மறந்துட்டீங்களா?" என்றார்.

மறக்கவில்லை. அந்த மாலையைக் கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். செயலாளர் அண்ணாச்சியின் குறிப்பேட்டில் அந்தப் பெயர் அடிக்கப்பட்டு, பக்கத்தில் அம்மாவின் பெயர் எழுதப்பட்டும் இருந்தது. நான் எடுத்ததோ முந்தைய ஆண்டின் கணிப்பொறிக் கோப்பு. குறிப்பேட்டுக்குத் தெரிந்தது கோப்புக்குத் தெரியவில்லை. தவறு என்னுடையது, ஆனால் நாம் வேலை செய்யும் முறையே அந்தத் தவறுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த முறையை மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பட்டியல் ஒன்று, கடிதம் பல

ஒரே வாசகத்தைப் பல பேருக்குப் பெயர் மாற்றி அனுப்புவது கணிப்பொறிக்குப் புதிய வேலையல்ல. 1980களில் வேர்ட்ஸ்டார் பழகியவர்களுக்கு அதோடு சேர்ந்து வந்த 'மெயில் மெர்ஜ்' நினைவிருக்கும். இன்று எம்.எஸ். வேர்டிலும், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலும் அதே வசதி இருக்கிறது. பெயர்ப் பட்டியல் ஒரு பக்கம், கடிதத்தின் மாதிரி ஒரு பக்கம். இரண்டையும் இணைத்தால் கடிதங்கள் வந்துவிடும். ஒரே வாசகமுள்ள நூறு கடிதங்களுக்கு இதுவே போதும்.

நம் தேவை அதற்குச் சற்று மேலே போகிறது. சந்தா பாக்கி உள்ளவர்க்கு ஒரு பத்தி கூடுதலாக வேண்டும். திக்லிபூர், மாயாபந்தர், ரங்கத், ஹட் பே, காம்ப்பெல் பே என்று ஊர்வாரியாக அட்டவணை வேண்டும். ஒவ்வொருவருக்கும் ரசீது தனிக் கோப்பாக, அவரவர் பெயரிலேயே சேமிக்கப்பட வேண்டும். ஆண்டறிக்கை, வரவு செலவு, மலரின் பின்பக்கத்தில் வரும் உறுப்பினர் பட்டியல் எல்லாமே அதே பெயர்களிலிருந்துதான் பிறக்கின்றன. இங்கேதான் நிரல் உதவுகிறது. ஸ்கிரிப்ட் என்று ஆங்கிலத்தில் சொல்கிறோமே, அந்தச் சிறு நிரல்.

வேர்ட் கோப்பு என்பது ஏதோ பூட்டிய பெட்டி என்றே நான் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். 2007ஆம் ஆண்டின் வேர்டிலிருந்து வரும் கோப்புகள் அப்படியல்ல. அவை ஜிப் முறையில் கட்டிய ஒரு மூட்டை. அவிழ்த்தால் உள்ளே எக்ஸ்.எம்.எல். எனும் எழுத்துக் கோப்புகள் இருக்கும். ஒன்றில் நம் வாசகம், இன்னொன்றில் தலைப்பு எப்படி, பத்தி எப்படி என்ற வடிவக் குறிப்பு. இந்த அமைப்பு 2006இல் எக்மா நிறுவனத்தின் தரமாகவும், 2008இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் வெளியிடப்பட்டது. ஆகவே எவரும் வேர்டைத் திறக்காமலேயே ஒரு வேர்ட் கோப்பை உண்டாக்கலாம். பைதான் என்ற நிரல்மொழியில் இதற்கென்றே ஒரு நூலகம் இலவசமாகக் கிடைக்கிறது. "இந்த மாதிரியைத் திற, பட்டியலின் முதல் வரியை எடு, பெயரை இங்கே இடு, அட்டவணையில் இத்தனை வரி சேர், இந்தப் பெயரில் சேமி, அடுத்த வரிக்குப் போ." அறுபது எழுபது வரிகளில் எழுதிவிடக்கூடிய கட்டளை இது. எழுதி முடித்தபின் 412 கடிதங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறுவி முடித்த பிறகு இதற்கு இணையத் தொடர்பு வேண்டாம். சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் நம்மை வந்து சேரும்வரை செயற்கைக்கோளை நம்பிக் காத்துக்கிடந்தவர்கள் நாம். இன்றும் மழைக்காலத்தில் மின்சாரமும் தொடர்பும் எப்போது போகும் என்று யாரும் உறுதி கூற முடியாது. நம் மேசை மீதே நடக்கிற வேலை நமக்கு ஏற்றது. மேலும், உறுப்பினரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் யாரென்றே தெரியாத ஓர் இலவசத் தளத்தில் ஏற்றிக் கடிதம் செய்து வாங்குவது முறையும் ஆகாது.

தமிழுக்குச் சில தனிப் பாடங்கள்

நிரல் எழுதும் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலக் கடிதத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழில் இறங்கினால் சில இடங்களில் கால் இடறும். நான் இடறிய இடங்களைச் சொல்கிறேன். பின்னால் வருகிறவருக்குப் பயன்படும்.

முதலாவது எழுத்துரு. நிரலில் ஓர் எழுத்துருவின் பெயரைக் கொடுத்து, அளவையும் கொடுத்து, தடித்த எழுத்து என்றும் சொன்னேன். ஆங்கில வரிகள் சொன்னபடி கேட்டன. தமிழ் வரிகள் அசையவில்லை. இரண்டு இரவு தேடிய பின்பே விளங்கியது. வேர்ட் கோப்பில் எழுத்துருவுக்கு நான்கு அறைகள் உண்டு. அடிப்படை ஆங்கிலத்துக்கு ஒன்று, பிற ஐரோப்பிய எழுத்துகளுக்கு ஒன்று, சீனம், ஜப்பானியம் போன்றவற்றுக்கு ஒன்று, 'கூட்டு வரிவடிவம்' எனப்படும் தமிழ், அரபு முதலியவற்றுக்கு ஒன்று. நூலகம் முதல் இரண்டு அறைகளை மட்டுமே நிரப்புகிறது. தமிழுக்குரிய அறையை நாமே நிரப்ப வேண்டும். அளவுக்கும் தடிப்புக்கும்கூட அப்படியே தனி அறை. இதைவிட எளிய வழி, மாதிரிக் கோப்பிலேயே தமிழ் எழுத்துருவோடு பாணிகளை அமைத்து வைத்துவிட்டு, நிரலை அந்தப் பாணியின் பெயரை மட்டும் சொல்லச் செய்வது.

இரண்டாவது வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் பெயரை அப்படியே வைத்து எழுதிவிடலாம். தமிழில் முருகன் முருகனுக்கு ஆவார். ராதா ராதாவுக்கு ஆவார். மணி மணிக்கு ஆவார். பெயருக்குப் பின்னால் 'க்கு' என்று ஒட்டினால் 'முருகன்க்கு' என்று கடிதம் போகும். இலக்கணம் முழுவதையும் நிரலில் எழுதலாமா என்று யோசித்தேன். நம் மரியாதையே வழி காட்டியது. பெயரோடு 'அவர்கள்' சேர்த்துவிட்டால் உருபு அதற்குப் போய்விடுகிறது: முருகன் அவர்களுக்கு, ராதா அவர்களுக்கு, மணி அவர்களுக்கு. முன்னோர் வகுத்த பண்பு கணிப்பொறிக்கும் கைகொடுக்கிறது!

ஊர்ப் பெயருக்கு 'அவர்கள்' போட முடியாதல்லவா? அதற்குப் பட்டியலில் இன்னொரு பத்தி வைத்து, 'ரங்கத்தில்', 'ஹட் பேயில்' என்று எழுதியே வைத்துவிட்டேன். இதன் அருமை பெயர் மாற்றத்தின்போது தெரிந்தது. 2018 டிசம்பரில் ஹேவ்லாக், நீல் தீவுகள் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு ஆயின. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பழைய கோப்புகளில் 'போர்ட் பிளேர்' என்று தேடி மாற்றச் சொன்னால் 'போர்ட் பிளேரில்', 'போர்ட் பிளேருக்கு' என்பவை அகப்படுவதில்லை. ஏனென்றால் அங்கே 'ர்' இல்லை, 'ரி'யும் 'ரு'வும் இருக்கின்றன. பாதி கடிதத்தில் புதுப்பெயரும் பாதியில் பழைய பெயருமாக நின்றதைப் பார்த்தவர்கள் நம்மிடையே உண்டு. ஊர்ப் பட்டியலில் ஒரே வரியைத் திருத்தினால் எல்லாக் கடிதமும் திருந்தும் என்பது சிறிய வசதியா?

மூன்றாவது அகர வரிசை. கணிப்பொறி யூனிகோடு எண்களின்படி வரிசைப்படுத்தும். அதில் 'ன' என்பது 'ந'வை அடுத்தே வருகிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி எழுத்து. ஆகவே கமலாவுக்கு முன்னால் கனகா வந்து நிற்பார். பட்டியல் அச்சாகிக் கைக்கு வந்ததும் தமிழாசிரியர் எவரும் முதலில் காண்பது இதைத்தான். நம் வரிசையை ஒருமுறை நிரலில் எழுதி வைத்துவிட்டால் போதும்.

நான்காவது தொகை. ஒன்றரை லட்சத்தை நிரல் 150,000 என்று மேல்நாட்டு முறையில் காற்புள்ளியிடும். நமக்கு 1,50,000 வேண்டும். இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எழுத்து எதில் இருக்கிறது?

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்று உண்டு. அதுவே நம் சங்கத்தின் உண்மையான சிக்கல். நம் அலமாரியில் பழைய மலர்களின் கோப்புகள் குறுந்தட்டுகளில் இருக்கின்றன. டி.டி.பி. சென்டர்களில் அக்காலத்தில் தட்டச்சு செய்தவை. அண்மையில் ஒன்றைத் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதுரக் கட்டங்களும். கோப்பு கெட்டுவிட்டது என்றார் உடனிருந்தவர். கெடவில்லை. அன்று தமிழுக்கென்று பொதுவான குறியீடு நடைமுறையில் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். இலங்கைத் தமிழர்கள் மிகுதியாகப் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல் உண்மையில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை.

இந்தக் குழப்பம் தீர உலகத் தமிழர் பலர் உழைத்திருக்கிறார்கள். 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் நடந்த தமிழ்நெட் மாநாடுகளில் இது பேசப்பட்டது. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் குறியீடுகளும் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசின் தரமாயின. மின்னஞ்சல் வழியே கலந்து பேசி உலகத் தமிழர்கள் டிஸ்கி குறியீட்டை உருவாக்கினார்கள். சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரமும் மலேசியாவின் முத்து நெடுமாறனும் அதில் பங்குகொண்டவர்கள். யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தாலும், அது நம் மேசைகளுக்கு வர 2000க்குப் பின் சில ஆண்டுகள் ஆயின. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்தது. இன்று கைபேசியில் நம் பேரன் அனுப்பும் 'தாத்தா' என்ற சொல் எந்த நாட்டிலும் 'தாத்தா'வாகவே தெரிவது யூனிகோடால்தான்.

பழைய எழுத்துருக் கோப்பை நிரலால் தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது. ஆனால் மாற்ற முடியும். இந்த எழுத்துருவில் இந்தக் குறி இந்தத் தமிழ் எழுத்து என்ற அட்டவணை இருந்தால், மாற்றுவதும் ஒரு சிறு நிரலின் வேலையே. அந்த அட்டவணையைச் சரிபார்க்க, எந்த விசையில் எந்த எழுத்து இருந்தது என்று விரல் நினைவில் வைத்திருப்பவர்கள் வேண்டும். அவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். பத்தாண்டு கழித்து நிரல் இருக்கும். சரிபார்க்க ஆள் இருக்கமாட்டார்.

"ஆங்கிலத்திலேயே போட்டுவிடலாமே"

செயற்குழுவில் நான் இதைப் பேசியபோது ஓர் இளைஞர் கேட்டார்: "இத்தனை தொல்லை எதற்கு? பட்டியலும் கடிதமும் ஆங்கிலத்தில் இருந்தால் எந்தச் சிக்கலும் இல்லையே?" நியாயமான கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு 15 பேர். கடைத்தெருவில் இந்தி, அலுவலகத்தில் ஆங்கிலமும் இந்தியும், வீட்டில் தமிழ் என்பதே நம் வாழ்க்கை. வீட்டுக்கு வெளியே நமக்குத் தமிழில் காகிதம் அனுப்பும் இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று சங்கம். சங்கமும் 'வசதிக்காக' ஆங்கிலத்துக்குப் போனால், மூன்றாம் தலைமுறைப் பிள்ளை தன் பெயரைத் தமிழில் அச்சாகி எங்கே பார்க்கும்?

பெயர் விஷயத்தில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. பழனி என்பவரை ஆங்கிலத்தில் மட்டும் எழுதி வைத்தால், திரும்பத் தமிழாக்கும்போது அவர் பழனியா, பலனியா, பளனியா என்று கணிப்பொறிக்குத் தெரியாது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவது இறங்குபடி. திரும்பி ஏற முடியாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பட்டியல்களில் தங்கள் பெயரைத் தேடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்பன் பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் இன்னொரு தாளில் வேறுவிதமாகவும் இருந்தால் என்ன பாடு என்பதை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பெயரை இரு மொழியிலும், அவரவர் எழுதும் முறையிலேயே, ஓரிடத்தில் காப்பது சங்கத்தின் கடமை.

அண்ணாச்சியின் கேள்வி

செயலாளர் அண்ணாச்சி கேட்ட கேள்வி வேறு. "இயந்திரம் எழுதுற கடிதத்துல பாசம் இருக்குமா தம்பி?" என்றார். அதற்கு நான் சொன்ன பதில் இது: பெயர் அழித்துப் பெயர் எழுதிய அந்தப் பத்து இரவுகளில் எனக்கு யார்மீதும் பாசம் வரவில்லை, தூக்கம்தான் வந்தது. தூக்கத்தில்தான் இறந்தவருக்கு அழைப்பு அனுப்பினேன். எல்லாருக்கும் பொதுவான வாசகத்தை இயந்திரம் எழுதட்டும். மிச்சமாகும் இரவுகளில் கடிதத்தின் அடியில் இரண்டு வரி கையால் எழுதலாம்: பேத்தி தேறிவிட்டாளா, கண் அறுவை முடிந்ததா என்று.

ஆனால் அண்ணாச்சியின் அச்சத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். கையால் செய்கிறவன் ஒரு கடிதத்தில் தவறுவான். நிரல் தவறினால் 412 கடிதத்திலும் ஒரே நொடியில் தவறும். முதல்முறை ஓட்டியபோது பட்டியலில் ஒரு வரி தள்ளிப்போய், ஒவ்வொருவருக்கும் அடுத்த வீட்டுக்காரரின் சந்தா பாக்கி வந்தது! அச்சடிக்கும் முன் கண்டதால் மானம் தப்பியது. ஆகவே முதலில் ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்து, கணிப்பொறி தெரியாத ஒரு பெரியவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும் என்பதை விதியாகவே வைக்க வேண்டும்.

மற்றோர் ஆபத்து ஆள் சார்ந்தது. கணிப்பொறி அறிந்த பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். ஒருவர் எழுதிய நிரல் அவரோடு கப்பலேறிவிட்டால், சங்கம் முன்னிருந்ததைவிட மோசமான நிலைக்கு ஆளாகும். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அதுவே நிரல் எழுதித் தருகிறது. தரட்டும், ஆனால் அதை வாசித்துப் புரிந்துகொள்ள நம்மில் ஒருவராவது இல்லாவிட்டால், அது சரியாகச் செய்கிறதா என்று யார் சொல்வது?

என் வேண்டுகோள்

அடுத்த பொதுக்குழுவில் நான்கு முடிவுகள் எடுக்க வேண்டுகிறேன். ஒன்று, உறுப்பினர் பதிவேடு யூனிகோடில் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பிறப்பு, இறப்பு, முகவரி மாற்றம் எல்லாம் அதில் மட்டும் ஏறட்டும். அதன் நகல் இரண்டு வெவ்வேறு தீவுகளில் இருக்கட்டும். இரண்டு, கடிதம், ரசீது, பட்டியல் மூன்றுக்கும் மாதிரிகளை இலவச எழுத்துரு ஒன்றில் அமைத்து, நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் தமிழில் விளக்கம் எழுதி வைப்போம். மூன்று, இருவருக்குக் குறையாமல் பயிற்சி தருவோம். ஒருவர் தலைநகருக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். நான்கு, பழைய மலர்களின் கோப்புகளை மாற்றும் வேலையை இந்த ஆண்டே தொடங்குவோம்.

பயிற்சியை நம் ஞாயிறு தமிழ் வகுப்பிலேயே நடத்தலாம் என்பது என் ஆசை. இன்றைய பைதானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் சூட்டலாம். 'பெயர்', 'ஊர்', 'சந்தா' என்று எழுதினால் அது ஏற்றுக்கொள்கிறது. தமிழ் எழுதத் தயங்கும் பிள்ளைகூட, தான் எழுதிய பத்து வரியிலிருந்து பாட்டியின் பெயரோடு ஒரு கடிதம் அச்சாகி வருவதைக் கண்டால் தயக்கம் குறையும்.

இந்த ஆண்டுக் கடிதங்களை நிரல் கொண்டே தயாரித்தோம். ரங்கத்து அம்மாவுக்குரிய கடிதம் அவர் பெயருக்கே போயிற்று. அடியில் அண்ணாச்சி தம் கையால் மன்னிப்புக் கேட்டு எழுதினார். பொங்கலன்று பேரனோடு வந்திருந்த அந்த அம்மா, கடிதத்தை மடித்துப் பையில் வைத்திருந்தார். அதைப் பேரனிடம் நீட்டி, "இதுதாண்டா என் பேரு, படி" என்றார். அவனும் எழுத்துக் கூட்டிப் படித்தான்.